அளந்து போடுதல்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
எங்கள் ஆற்றுக்கு மறுகரை கண்ணுக்குத் தெரியாது.
ரிமூஸ்கியில் சான் லோரான் கடல்போலக் கிடக்கிறது.
ஜனவரியில் பனிப்பாளங்கள் ஒன்றோடொன்று உரசுவது
என் மேஜைவரை கேட்கும்.
அளந்து போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பனி அள்ளும் வண்டிக்கு வெட்டுத்தகடு செய்கிறோம்.
ரப்பரும் எஃகும் சேர்ந்த, தார்ச்சாலையைக் கீறாத,
விடிகாலை நான்கு மணிக்கு ஊரை எழுப்பாத தகடு.
இரண்டு குளிர்காலமாக ரப்பர் எஃகை விட்டுப் பிரிந்துபோகிறது.
பதினேழு கலவை. பதினேழும் தோல்வி.
தோல்விக்கு வரிச்சலுகை உண்டு.

சிரிக்காதீர்கள். படிவம் கேட்பது அதைத்தான்:
உங்களுக்கு என்ன தெரியாமல் இருந்தது?
எந்தத் தேதியிலிருந்து?
தெரிந்துகொள்ள யார், எத்தனை மணி நேரம்?
தெரிந்ததற்குக் காசு கிடையாது.
கூரை ஒழுகலை அடைத்ததற்கு, கண்காட்சியில் கொடுத்த தொப்பிக்கு,
விற்பனைக்காரர் தின்ற இறால் தட்டுக்குக் கிடையாது.
அறியாமைக்கு மட்டும்,
அதுவும் முறைப்படி பதிவுசெய்த அறியாமைக்கு,
நூறு டாலரில் முப்பத்தைந்து திரும்பி வரும்.

ஆகவே திட்டம் போட்டேன்.
மார்ச் முப்பத்தொன்றில் கணக்காண்டு முடிகிறது.
அதுவரை தெரியாமலே இருக்கலாம்.
கிஸ்லேன் பெல்ஷாவின் நேரம் முழுவதும்,
ரொசேரின் நேரத்தில் பாதி
(மீதிப் பாதி அவன் லாரி பழுதுபார்க்கிறான்),
கலவைப் பொருள், சோதனைக்கு வாடகையில்
இரண்டு கிலோமீட்டர் சாலை.
திரும்பி வரப்போகும் பணத்தை வருமுன்பே எண்ணி
வங்கியில் கடனும் வாங்கியிருந்தோம்.
கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. அழகாக இருந்தது.

பிப்ரவரி ஒன்பது, மாலை நாலு பத்து.
கிஸ்லேன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.
தரைவிரிப்பில் உப்புத் தண்ணீர்.
"ஒட்டிக்கொண்டது. பதினெட்டாவது. மைனஸ் இருபத்தேழில்
முந்நூறு முறை அடித்தோம், விடவில்லை."
கட்டிப்பிடித்தேன்.
கட்டிப்பிடித்தபடியே, கடவுளே,
ஏழு வார அறியாமையைக்
கழித்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி அர்மான் கதவைச் சாத்தினார்.
"மார்ச் இருபத்தெட்டில் ஒட்டியதாக எழுதினால் என்ன?
ரப்பருக்கு நாக்கா இருக்கிறது?"
ரப்பருக்கு இல்லை. கிஸ்லேனின் பதிவேட்டுக்கு இருக்கிறது.
பச்சை மையில், விறைத்த விரல் எழுத்தில்:
இப்போது தெரியும்.
அடியில் இரண்டு கோடு.

அன்றிரவு திட்டத்தைப் பிரித்தேன்.
சாலை வாடகையை ரத்து செய்தேன், முன்பணம் போயிற்று.
வங்கிக்குக் கடிதம், மூன்று தடவை கிழித்து.
பிப்ரவரி பத்திலிருந்து கிஸ்லேன் செய்வது
ஆராய்ச்சி அல்ல, வெறும் வேலை.

ஒரு வாரம் கழித்து, காபி இயந்திரத்தருகே
சும்மாதான் கேட்டேன்: மைனஸ் முப்பத்தைந்தில்?
வடக்கே ஃபெர்மோன் சுரங்கச் சாலையில் அவ்வளவு போகுமே?
அவள் கரண்டியை நிறுத்தினாள்.
எங்கள் குளிரறை முப்பதோடு நின்றுவிடும்.
"தெரியாது."
கட்டடத்திலேயே விலை கூடிய சொல் அது.
உண்மையாகவே தெரியாதா, எனக்காகத் தெரியாதா
என்று கேட்க வாய் வந்தது. கேட்டும்விட்டேன்.
கோபப்படவில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.
"எந்த ரப்பரும் ஒரு குளிரில் கண்ணாடியாகும்.
நம்முடையது எதில் என்பது, சத்தியமாகத் தெரியாது."

புதிய பக்கம், புதிய தேதி.
ரொசேர் தகட்டை ஏற்றிக்கொண்டு வடக்கே போனான்.
பதினோரு நாள் விடுதியில் குளிருக்குக் காத்திருந்தான்.
மைனஸ் இருபத்தொன்று. மைனஸ் பத்தொன்பது.
ஒருநாள் மழையே பெய்தது.
அந்த விடுதிக் கட்டணம் சலுகையில் சேருமா என்று
இன்னும் என்னோடு நானே வாதாடுகிறேன்.

மார்ச் முப்பத்தொன்று.
ஆற்றில் பனி உடைந்து கடலுக்குப் போகிறது.
கடைசி வரியில் எழுதினேன்:
மைனஸ் முப்பத்தைந்தில் என்னவாகும், தெரியாது.
அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.
தொகைக்கான கட்டத்தை
அளக்காமல் விட்டேன்.